ரயில் சாரின் ஐம்பது வருஷம்

கண்ணாடிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து உள்ளே போய், மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய வரிசைகளைத் தாண்டினால் பின்னால் கண் பரிசோதிக்கும் அறை. ஒரு சுவரில், மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே எறும்பாகத் தேயும் எழுத்துப் பலகை. எதிர்ச் சுவரோரம் ஏற்றி இறக்கும் நாற்காலி. ஞாயிறுதோறும் இங்கே கூடும் வரலாற்று வட்டத்தின் தலைவர் வக்கீல், அதனால் அதில் அவர்தான் உட்காருவார். மற்றவர்களுக்கு மடக்கு நாற்காலி.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிறவர் ஒரு காலத்தைச் சொந்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகு அந்த வருஷங்கள் அவருடையவை. அவற்றைப் பற்றி அவர்தான் படிப்பார், அவர்தான் பேசுவார். மற்றவர்கள் கேட்கலாம், ரசிக்கலாம், சந்தேகம் இருந்தால் பணிவாகக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மறுத்துப் பேசக் கூடாது. முன்பெல்லாம் எல்லாரும் எல்லாக் காலத்தையும் பேசினார்கள். ஒருநாள் வாய் முற்றிக் கை நீண்டு, ஒருவர் மாட்டியிருந்த கண்ணாடி தெறித்து விழுந்து உடைந்தது. அதற்குப் பிறகு வக்கீல் கொண்டுவந்த ஏற்பாடு இது. காலி மனையைப் பிரிப்பதுபோல வருஷங்களைப் பிரித்துக் கொடுத்தார். சண்டை நின்றது.

நாளடைவில் ஆளுக்கு ஆள் காலமே பெயராகிவிட்டது. பழைய சாம்ராஜ்யங்கள் அத்தனையும் வக்கீலுக்கு வந்ததால் அவர் பேரரசு. கடல் கடந்து நாடு தேடிப் போனவர்களைக் கண்ணாடிக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார், அவர் பாய்மரம். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு பல்பும் தொலைபேசியும் வந்த காலம், அவர் மின்சாரம். அவர் வரத் தாமதமானால், "என்ன, இன்னும் மின்சாரம் வரலையா?" என்று யாராவது கேட்பார்கள். எத்தனையோ வருஷமாக அதே கேள்வி, அதே சிரிப்பு.

அப்பாவோடு வட்டத்துக்கு வருகிற பெண் ஒருத்தி உண்டு. அவளுடைய அப்பா ரயில் சார். முதல் ரயில் ஓடியதிலிருந்து ஐம்பது வருஷம் அவருக்கு. அது முடிகிற இடத்தில் மின்சாரத்தின் எல்லை தொடங்குகிறது.

அவளுக்கு எந்த வருஷமும் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வயது இருபத்தேழு. வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள், அதனால் வட்டத்திலும் பாப்பா. கதவோரம் உட்காருவாள். பாதிக் கூட்டத்தில் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுப்பாள். யாரும் கொடுக்கச் சொன்னதில்லை. முதல் நாள் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு எடுத்துப் போனது, அப்படியே அவள் தலையில் விடிந்துவிட்டது.

அப்பா பேசினால் அறை நிமிர்ந்து உட்காரும். சுரங்கம் தோண்டியபோது மலை அழுத கதை, இரண்டு ஊர்க் கடிகாரங்கள் ஒத்துவராமல் ரயில்கள் தவித்த கதை, தண்டவாளம் எங்கே போகும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து நிலம் வாங்கியவர்களின் கதை. கையை விரித்துப் பேசுவார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். சிமெண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக மூட்டைக்கும் சாக்குக்கும் நடுவே இருந்தவருக்கு இத்தனை நாவன்மை எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்று வியப்பார்கள்.

நாவன்மை அவருடையதுதான். கதைகள் அவளுடையவை.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷம் ஆரம்பித்தது இது. எழுத்து மங்கிப் போய், புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பொறுக்காமல் அவள் படித்துச் சொன்னாள். சாப்பிடும்போது சொல்வாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "அப்புறம்?" என்பார். ஞாயிற்றுக்கிழமை அதையே வட்டத்தில் சொல்வார். அறுவை சிகிச்சை முடிந்து பார்வை பளிச்சென்று வந்தது. புத்தகம் மட்டும் அவர் கைக்குத் திரும்பவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான்கு பேர் முன்னால் வாய் திறக்க முடியாதவளுக்கு, தான் படித்தது ஒரு அறை முழுக்கக் கேட்கிறது என்பதே போதுமாக இருந்தது.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்காது. "அப்பனும் மகளும் செத்துப்போனவங்க கதையவே பேசிட்டிருங்க. இங்க உயிரோட ஒருத்தி பாத்திரம் தேய்ச்சிட்டிருக்கேன்" என்பாள்.

"உனக்கும் ஒரு காலம் வாங்கித் தரட்டுமா?" என்று அப்பா சிரிப்பார்.

"எனக்குக் காலம் போதாம இல்ல. போகத்தான் மாட்டேங்குது."

அந்த வருஷம் வட்டத்தில் ஓர் இடம் காலியானது. கற்காலத்தை வைத்திருந்த பல் டாக்டர் மகனோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது எல்லாருக்கும் ஒரு டூத் பிரஷ் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கும் ஒன்று.

அந்தச் செய்தி கேட்டதிலிருந்து அவளுக்குள் ஒன்று குறுகுறுத்தது. கற்காலம் அவளுக்கு வேண்டாம். அவள் மனம் போய் நின்றது வேறொரு இடத்தில். அப்பாவின் ஐம்பது வருஷத்துக்கு நடுவே, பெரிய நகரங்களில் ஜனங்கள் வாந்திபேதியில் கொத்துக்கொத்தாகச் செத்து, அது காற்றால் வருகிறது என்று படித்தவர்களெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, தண்ணீரால் வருகிறது என்று ஒரே ஒரு டாக்டர் வீடுவீடாகப் போய்ச் சாவு விழுந்த இடங்களைக் குறித்தாரே, அந்த வருஷங்கள். குழாயும் சாக்கடையும் பிறந்த வருஷங்கள். தான் தினமும் செய்கிற வேலையின் தொப்புள்கொடி அங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். அதைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தாள். அப்பாவிடம் சொல்லியும் பார்த்தாள். "சாப்பிடும்போது இது எதுக்கு பாப்பா, ரயில் கதை சொல்லு" என்று அவர் தள்ளிவிட்டார்.

ஒருநாள் அவர் கை கழுவி வரும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அப்பா, பல் டாக்டர் இடத்துக்கு நான் வரட்டுமா?"

"நீயா? வாயேன். நீ வர்றவதானே."

"மெம்பரா, பா. எனக்கும் ஒரு காலம். உங்க அம்பதுல நடுவில ஒரு இருபது வருஷம் குடுத்தாப் போதும். ரயில நான் தொட மாட்டேன். தண்ணி மட்டும்."

அவர் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் சரி என்றுதான் அர்த்தம். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டதை யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று பழைய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். விஷயத்தை வக்கீலிடம் முன்பே சொல்லியிருந்ததால், அவரே ஆரம்பித்தார்.

"நம்ம பாப்பா மெம்பராகணும்ங்குது. சந்தோஷம். ஆனா கேக்கறது காலியா இருக்கற எடத்த இல்ல. ரயில் சார் எடத்துல நடுவால ஒரு துண்டு."

"அட்றா சக்கை!" என்றார் பாய்மரம். "பொண்ணு பங்கு கேக்குது ரயில் சார். பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு சட்டமே இருக்கே. வக்கீல் சார், சொல்லுங்க."

"பூர்வீகச் சொத்துன்னா உண்டு. இது அவர் சுயமாச் சம்பாதிச்சது. அவர் மனசு வெச்சாத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவள் கையில் வைத்திருந்த பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள்.

"சரி, அந்தத் துண்டுல அப்படி என்ன இருக்குன்னு நீயே சொல்லேன் பாப்பா" என்றார் வக்கீல். "கேப்போம்."

எழுந்தாள். முதல் இரண்டு வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை. "சத்தமா, சத்தமா" என்றார் மின்சாரம். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் விழுந்த சாவுகள். அந்தத் தெருவுக்கே ஒரு கைப்பம்பு. அந்தத் தண்ணீர் ருசியாக இருக்கிறதென்று வேறு பேட்டைக்குப் போன பிறகும் ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்லிக் குடித்த ஒரு கிழவி, அந்தப் பேட்டையில் அவள் மட்டும் செத்தது. பக்கத்திலேயே பீர் காய்ச்சுகிற இடத்தில் வேலை செய்தவர்கள், தண்ணீர் பக்கமே போகாததால் பிழைத்துக்கிடந்தது.

"குடிச்சவன் பொழைச்சான்! நல்ல கதையா இருக்கே!" பாய்மரம் தொடையைத் தட்டினார். "இது இத்தன நாள் எங்க இருந்துச்சு ரயில் சார்? நீங்க சொன்னதே இல்லையே?"

அப்போதுதான் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுபோயிருந்தது. மடக்கு நாற்காலிகள் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பியிருந்ததை அவரும் பார்த்திருந்தார்.

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார் நிதானமாக. "வீட்ல நான் படிக்கறப்ப காதுல விழுந்தத வெச்சுப் பேசுது. மேலோட்டமா மேயற புத்தி. அங்க ஒரு பக்கம், இங்க ஒரு பக்கம். ஒரு காலத்த எடுத்துக் கட்டிக் காக்கறதுன்னா அது வேற. இப்பத் துண்டு போட்டுக் குடுத்துட்டு, நாளைக்கு அரைகுறையா ஏதாவது சொல்லி வெச்சா, கெட்ட பேரு என் காலத்துக்குத்தான். நான் குடுக்கறதா இல்ல."

படித்தது நான் என்கிற ஒரே ஒரு வாக்கியம் போதும் அவளுக்கு. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பாவின் சட்டைக் காலரில் மடிப்புக் கலையாத இஸ்திரி. காலையில் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். விழுங்கிவிட்டாள்.

"கற்காலத்த எடுத்துக்கோயேன் பாப்பா" என்றார் வக்கீல், சமாதானமாக. "சும்மாத்தானே கெடக்கு. யாரும் எல்லைத் தகராறுக்கு வரமாட்டாங்க."

"எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"தெரிஞ்சுக்க என்ன இருக்கு?" என்றார் மின்சாரம். "கல்லு. அப்புறம் இன்னும் கொஞ்சம் கல்லு."

மறுபடி சிரிப்பு. அவள் டீ ஊற்றினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா மட்டும் பேசினாள். எதிர்வீட்டுக்காரர்கள் வண்டியை வாசலை மறித்து நிறுத்துவது பற்றி. அப்பா சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல இயல்பாகக் கேட்டார்.

"அடுத்த வாரத்துக்கு என்ன இருக்கு பாப்பா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டு இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"பார்த்துச் சொல்றேன்பா" என்றாள்.

பரிசோதனைக் கூடத்தில் தினமும் குப்பிகள் வரும். பள்ளிக்கூடத் தொட்டி, ஆஸ்பத்திரிக் குழாய், தெருமுனை பம்பு. ஒவ்வொரு தண்ணீரையும் மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் விட்டு, சூடான பெட்டிக்குள் வைப்பார்கள். தண்ணீர் கெட்டிருந்தால் மறுநாள் குழாய் மஞ்சளாகத் திரும்பியிருக்கும். ஒவ்வொரு வரிசையோடும் இன்னொரு குழாயும் வைப்பார்கள். அதில் வேண்டுமென்றே கெட்ட தண்ணீர். அது மஞ்சளாகத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பாவிட்டால் மருந்து செத்துவிட்டது என்று பொருள். அந்த வரிசையில் நல்லது என்று வந்த எதையும் நம்பக் கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை கெட்ட தண்ணீரைக் குழாயில் விடும்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது.

"என்னடி, குழாயப் பார்த்து நீயே சிரிச்சுக்கற?" என்றாள் கூட வேலை செய்யும் அக்கா. "கல்யாணம் கில்யாணம் ஏதும்?"

"இல்லக்கா. ஒரு டெஸ்ட்டு."

"டெஸ்ட்டுக்கா சிரிக்கற? உன்ன எல்லாம் என்ன செய்யறது?"

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டில் அவள் அப்பாவுக்கு ஒரு கதை சொன்னாள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்றாம் வருஷம். அடைமழை. ஆற்றுப் பாலம் பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது. எதிர்த் திசையிலிருந்து ரயில் வந்துகொண்டிருக்கிறது, உள்ளே நானூறு பேர். பாலத்தடியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றுகொண்டு முந்தைய ஸ்டேஷனுக்கு டெலிபோன் செய்கிறார். வண்டிய நிறுத்து, வண்டிய நிறுத்து என்று கத்துகிறார். அந்தப் பக்கம் குரல் கேட்டு, ரயில் நிற்கிறது. இந்தப் பக்கம் குரல் நின்றுவிடுகிறது. அவரை வெள்ளம் கொண்டு போய்விட்டது.

அந்த வருஷம் உலகத்தில் எங்கேயும் தொலைபேசி கிடையாது. வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். பிடிக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பெரிய ஓட்டையாக வைத்தாள். யாராவது சிரிக்க வேண்டும். அப்பா திகைக்க வேண்டும். திகைத்து, கதவோரம் இருப்பவளைத் தேட வேண்டும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அடேயப்பா" என்றார். "இதுல்ல கதை!"

அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளுக்குக் குழந்தைகுட்டி இருந்திருக்குமே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அதற்கு முன் ஒருநாளும் பேசாத மாதிரி பேசினார். மழையைக் கைகளால் பொழிந்தார். நாற்காலியை விட்டு எழுந்து, வெள்ளம் இடுப்புக்கு வந்ததைத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். வலது கையைக் காதில் வைத்துக்கொண்டு, "நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்றார். பிறகு கையை மெதுவாக இறக்கினார். பாய்மரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் மின்சாரத்தைப் பார்த்தாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ரயில் சார், ஒரு சந்தேகம்."

வந்துவிட்டது.

"போன்னு சொன்னீங்களே. போன் என் காலத்துலயில்ல வருது?" என்றார் மின்சாரம். "தந்தியா இருக்குமோ?"

"தந்தி இல்ல சார். போன்தான். குரல் கேட்டுதுங்கறேன்" என்றார் அப்பா.

"எனக்கென்னமோ..."

வக்கீல் நாற்காலியைச் சற்று உயர்த்திக்கொண்டார். "மின்சாரம் சார், நிகழ்ச்சி எந்த வருஷம்? அம்பத்தொண்ணு. அம்பத்தொண்ணு யாருது? ரயில் சாருது. அதுக்குள்ள என்ன இருந்துச்சு, என்ன இல்லங்கறது அவர் சொல்றதுதான். நாம போட்ட விதியே அதுதானே?"

"விதி சரி சார். நான் மறுக்கல. ஆனா போன் என்கிட்ட இருந்து போகுதே."

"எங்கயும் போகாது. மொதல்ல அவர் காலத்துல ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். உங்க காலத்துல பரவியிருக்கும். ரெண்டு பேருக்கும் பொதுவா வெச்சுக்கோங்க."

மின்சாரம் கொஞ்சம் யோசித்தார். "பரவினது என் காலத்துலதான்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

"அவ்வளவுதான்!" பாய்மரம் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். வக்கீல் உயரத்திலிருந்து குனிந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். "இந்த வருஷத்துலயே நல்ல பேச்சு இதுதான் ரயில் சார்."

குழாய் மஞ்சளாகத் திரும்பவில்லை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இங்கே ஓர் இடத்துக்காகவா துப்பட்டாவுக்குள் புதுச் சுடிதாரை ஒளித்துக்கொண்டு வந்தாள்? எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"அது பொய்" என்றாள்.

கைதட்டல் நின்றது.

"அம்பத்தொண்ணுல போன் கெடையாது. எங்கயும் கெடையாது. அப்படி ஒரு பாலம் இல்ல, ஸ்டேஷன் மாஸ்டர் இல்ல. நான்தான் கட்டிச் சொன்னேன். அப்பா இதுவரைக்கும் இங்க சொன்னது எல்லாம் நான் படிச்சுச் சொன்னதுதான். இது ஒண்ணு மட்டும் நானே கட்டினது."

இவ்வளவு நீளமாக அவள் அந்த அறையில் பேசியது அது இரண்டாம் முறை. இந்த முறை சத்தம் போதாது என்று யாரும் சொல்லவில்லை.

அவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அவளைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகம் கழற்றிப்போட்ட சட்டைபோலத் தொளதொளத்தது. பிறகு அவர் மெல்லச் சிரித்தார்.

"பாப்பாவுக்குக் கோபம்" என்றார். "போன வாரம் எடம் குடுக்கலன்னு."

"அதானே பார்த்தேன்" என்றார் பாய்மரம், நிம்மதியாக. "உரிமைக்காரி. கோபம் வரத்தானே செய்யும்."

"கோபம் இருக்கலாம்மா. ஆனா பெத்த தகப்பன நாலு பேர் முன்னால இப்படிச் சொல்லக் கூடாது" என்றார் வக்கீல். குரலில் கண்டிப்பு இல்லை, கனிவுதான் இருந்தது. "தவிர, மெம்பர் இல்லாதவங்க காலத்தப் பத்தி அபிப்பிராயம் சொல்ல நம்ம விதியில எடமில்ல. உட்காரு. டீ இருக்கா?"

இருந்தது. அவள் ஊற்றவில்லை. பிளாஸ்கை வைத்துவிட்டுக் குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்தாள்.

அப்பா வீடு வந்து சேர வழக்கத்தைவிட நேரமாயிற்று. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிளாஸ்கை மேஜையில் வைத்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வேணும்னேதான் சொன்னியா?"

"ஆமா."

"நான் அங்க போய் அசிங்கப்படணும்னு."

"நீங்க அசிங்கப்படலையே. கைதட்டினாங்களே."

அவர் மேஜையின் விளிம்பைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்த எடுத்துப் பார்க்கணும்னே எனக்குத் தோணல" என்றார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஆனால் அதை இந்த விதத்திலா கேட்டிருக்க வேண்டும்.

"மேலோட்டமா மேயறவன்னு சொன்னீங்க" என்றாள்.

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? உன்ன உள்ள விட்டா எனக்கு அங்க என்ன வேலை?"

எழுந்து போய்விட்டார். சமையலறை வாசலில் நின்ற அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மனுஷனுக்கு இருந்தது அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான். அதுலயுமா மண்ணப் போடணும்?"

"எனக்கும் அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

"உனக்கு வயசிருக்கு" என்றாள் அம்மா. விடை சொன்னதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. அவள் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தபடி சாப்பிட்டாள். அப்பா செய்தித்தாளைப் பார்த்தபடி சாப்பிட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் வண்டியை இப்போது தள்ளி நிறுத்துகிறார்கள் என்று அம்மா சுவரிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். காலரில் ஒரு மடிப்பு தவறி விழுந்திருந்தது. பிளாஸ்கை அவரே எடுத்துக்கொண்டார். "பாலம் கதையத்தான் மறுபடி சொல்லச் சொல்றாங்க" என்று அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. "வக்கீல் சாரோட மச்சான் வர்றாராம், அவர் கேக்கணுமாம். மொதல்லருந்து, விவரமா."

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம். பிறகு சத்தம் நின்றது. அவள் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தாள். அவர் திரும்பி வந்து அறைக் கதவருகே நின்றார். அவளைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் பெயர்ந்து நின்ற பெயிண்டைப் பார்த்தார்.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பேரு என்ன சொன்ன?"

"நான் பேரு சொல்லலப்பா."

"கேப்பாங்க" என்றார். "ஏதாவது ஒண்ணு சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். காலர் மடிப்பை நேராக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள்.

பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். அந்தக் காலத்துக்கும் அந்த நாட்டுக்கும் பொருந்துகிற பெயர். அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். மறந்துவிடாமலிருக்க இன்னொரு முறை சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.